1619 திட்டத்தை ஒதுக்கிவிட வேண்டுமா?

அமெரிக்க வரலாற்றின் மையத்தில் அடிமை முறையை வைத்து நியூயார்க் டைம்ஸ் 2019-இல் வெளியிட்ட கட்டுரைத் தொகுப்புதான் 1619 திட்டம். வரலாற்றாசிரியர்கள் ஐவர் மறுத்துவிட்டதால் அதை உங்கள் கட்டுரையில் தொடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகத் தொடலாம். 2019 டிசம்பரில் கார்டன் வுட், ஜேம்ஸ் மெக்பெர்சன் முதலியோர் எழுதிய கடிதம் எதிர்த்தது சில கூற்றுகளைத்தான். முக்கியமானது, அடிமை முறையைக் காப்பதே அமெரிக்கக் குடியேறிகள் பிரிட்டனிடமிருந்து விடுதலை கேட்டதன் முதன்மைக் காரணங்களில் ஒன்று என்பது. 2020 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் அதைக் 'குடியேறிகளில் சிலர்' என்று திருத்தியது.

டன்மோர் பிரகடனத்தைப் பாருங்கள். கிளர்ச்சியாளர்களின் அடிமைகள் பிரிட்டிஷ் படையில் சேர்ந்தால் விடுதலை என்று வர்ஜீனியாவின் பிரிட்டிஷ் ஆளுநர் டன்மோர் அறிவித்தது 1775 நவம்பரில். விடுதலைப் போரின் முதல் சண்டை லெக்சிங்டனில் மூண்டதோ அந்த ஆண்டு ஏப்ரலிலேயே. போரை அந்தப் பிரகடனம் தொடங்கவில்லை, சரி. ஆனால் வர்ஜீனியப் பண்ணையார்களின் கோபத்தைக் கிளறியது. கட்டுரையின் உயிர் இங்கேதான்.

அப்புறம், வரலாற்றாசிரியர் லெஸ்லி ஹாரிஸைக் கட்டாயம் படியுங்கள். குடியேறிகள் விடுதலை கேட்ட காரணம் பற்றிய அந்தக் கூற்று தவறு என்று, அது வெளிவரும் முன்பே எச்சரித்தவர், ஆனாலும் திட்டத்தின் நோக்கத்தை ஆதரித்தவர்.