ராமர் அரையணாவும் ராஜராஜன் காசும்

கேள்வி: தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு செப்புக் காசு கிடைத்தது. ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம், மறுபக்கம் 'ஈஸ்ட் இந்தியா கம்பெனி, அரையணா, 1818'. லட்சக்கணக்கில் போகும் என்கிறார்களே? - கும்பகோணம் வாசகர்

பதில்: போகாது. கம்பெனி இப்படி ஒரு காசை அடித்ததே இல்லை, இது பூஜையறைக்காகப் பிற்காலத்தில் யாரோ அடித்த டோக்கன். இந்த மாதிரி டோக்கன்களில் 1616, 1717, 1818 என்று வருடங்கள் ஜோடி ஜோடியாக வருவதைப் பார்த்தாலே சந்தேகம் வர வேண்டாமா? 1818இல் சென்னை, வங்காளம், பம்பாய் மூன்று மாகாணமும் தனித்தனி நாணயம் வைத்திருந்தன, பொது நாணயம் 1835இல்தான் வந்தது. சிலர் இதே காசுக்கு அதிசய சக்தி உண்டு, காந்தம் மாதிரி அரிசியை இழுக்கும் என்று சொல்லிப் பணம் பறிக்கிறார்கள், ஜாக்கிரதை.

உண்மையான கம்பெனிக் காசு வேண்டுமென்றால் 1803, 1808 வருடத்து 'இருபது காசு' மதிப்புள்ள செப்பு நாணயத்தைத் தேடுங்கள்: முன்னால் சிங்கங்கள் தாங்கும் கம்பெனிச் சின்னம், பின்னால் பாரசீக எழுத்து. பர்மிங்ஹாமில் அடித்துக் கப்பலில் சென்னைக்கு அனுப்பினார்கள். 1809 ஜனவரியில் 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல் இங்கிலாந்துக் கரையைத் தாண்டும் முன்பே மணல்திட்டில் சிக்கி மூழ்கிவிட்டது, 1980களில் அதிலிருந்து லட்சக்கணக்கில் காசுகளை அள்ளினார்கள். இருநூறு வயதான 1808 காசு சில சமயம் நேற்று அடித்த மாதிரிப் பளபளப்பது, யார் கையிலும் புழங்காமல் கடலடியில் கிடந்ததால்தான்.

கேள்வி: அஸ்திவாரம் தோண்டும்போது கிடைத்த காசின் படத்தை அனுப்பியிருக்கிறேன். வருடமே இல்லை, கோடு கோடாக ஒரு ஆள். புளி போட்டுத் தேய்க்கலாமா? - தஞ்சாவூர் வாசகி

பதில்: புளியை ரசத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் அம்மா. அந்தப் பச்சைப் படலத்தைத் தேய்த்தால் எழுத்தும் சேர்ந்து போய்விடும். ஒரு பக்கம் நிற்கும் ஆள், மறுபக்கம் உட்கார்ந்த ஆள், அவர் கையை ஒட்டி மூன்று வரி நாகரி (இன்றைய இந்தி எழுத்தின் பழைய வடிவம்) எழுத்து: ஸ்ரீ, ராஜ, ராஜ. 985 முதல் 1014 வரை ஆண்ட ராஜராஜ சோழன்தான். ஆனால் உருவத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டக்கூடாது, ஏனென்றால் 12, 13ஆம் நூற்றாண்டு இலங்கை மன்னர்கள் இதே ஆளை வைத்துக்கொண்டு பெயரை மட்டும் பராக்கிரமபாகு, சாகசமல்லன் என்று மாற்றி அடித்தார்கள். உங்கள் படத்தில் இரண்டு 'ராஜ'வும் தெளிவாகவே இருக்கிறது.

அப்புறம் ஒன்று, மண்ணில் கிடைத்த புதையலின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே 1878ஆம் வருடச் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். கிடைத்த இடம், தேதி எல்லாம் கடிதத்தில் எழுதுங்கள், பக்கத்தில் கிடந்த பானை ஓடுகளையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.