சதுப்பா, வீடா?

கேள்வி: பள்ளிக்கரணை சதுப்புநிலத்தைக் காப்பதா, பக்கத்தில் பெரும்பாக்கத்தில் குடியேற்றப்பட்ட ஏழைகளைப் பார்ப்பதா, எது முதலில்?

பதில்: இரண்டையும் பிரித்துப் பார்த்ததால்தான் இந்த நிலைமை. கூவம், அடையாற்றுக் கரைகளில் இருந்தவர்களை வெள்ள ஆபத்து என்று அகற்றி, தென்சென்னையின் மழைநீர் வந்து சேரும் தாழ்வான பக்கத்திலேயே அடுக்குமாடி கட்டிக் குடிவைத்தோம். பலருக்குப் பிழைப்பு பழைய இடத்திலேயே தங்கிவிட்டது. 2022-ல் சதுப்புக்கு ராம்சர் அங்கீகாரம், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற தகுதி, கிடைத்ததில் எனக்கு ரொம்ப மகிழ்ச்சி. ஆனால் ஏரிகளின் உபரிநீர் சதுப்புக்கு வந்து, ஒக்கியம் மடுவு என்ற நீர்வழி வழியே பக்கிங்காம் கால்வாய்க்குப் போகும் பாதை அடைபடாமல் இருக்க வேண்டும். அப்புறம், அந்தப் பராமரிப்பு வேலையை முறையான சம்பளத்தோடு அங்கே குடியிருப்பவர்களுக்கே கொடுங்கள், திட்ட வரைபடம் போடும்முன் அவர்களைக் கேளுங்கள். வீட்டுக்குள் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.