அறிவுசார் குறைபாடு உள்ள குழந்தைக்குத் தமிழ்நாடு அரசின் உதவித்தொகை வாங்க என்னென்ன பேப்பர் வேண்டும்?

பேப்பர் பெரிய விஷயமே இல்லைங்க. ஆதார், ரேஷன் கார்டு, போட்டோ, இதுவரை பார்த்த வைத்தியத்தின் சீட்டுகள் என்று வழக்கமானவைதான். நான் தடுக்கி விழுந்த இடம் வேறு. உங்கள் பிள்ளைக்கு இன்னும் சான்றிதழே வாங்கவில்லை என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் வேண்டியது, குறைபாடு எத்தனை சதவீதம் என்று அரசு மருத்துவமனையில் போட்டுத் தரும் சான்றிதழ். அதோடு சேர்ந்ததுதான் யுடிஐடி அட்டை, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கு மத்திய அரசு தரும் அடையாள அட்டை. 40 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டால் கையில் காகிதம் இருக்கும், காசு வராது. அறிவுசார் குறைபாட்டுக்குக் குழந்தையை மட்டும் பார்த்துச் சதவீதம் போடுவதில்லை. நம்மையும் உட்காரவைத்து, தானாகச் சாப்பிடுவாளா, பட்டன் போடுவாளா, கடைக்குப் போய் வருவாளா என்று வரிசையாகக் கேட்பார்கள். நாம் சொல்லும் பதிலுக்கும் மதிப்பெண் உண்டு.

எனக்கு அது தெரியாது. அப்போது பாப்பாவுக்கு ஆறு வயது. ஐந்தே முக்கால் பஸ்ஸைப் பிடிக்க நாலு மணிக்கே எழுப்பி, தலை பின்னி, தீபாவளிக்கு எடுத்த பாவாடை சட்டை போட்டு, பூ வைத்துக் கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி அழைத்துப் போனேன். கேட்டதற்கெல்லாம் "செய்வா மேடம்". சாப்பிடுவாளா? சாப்பிடுவா. பாதிச் சாதம் தரையில் கிடக்கும் என்று சொல்லவில்லை. ஒன்றுக்கு வந்தால் சொல்லுவாளா? சொல்லுவா. போன பிறகுதான் சொல்லுவாள் என்று சொல்லவில்லை. மூன்று மாதமாக நான் சொல்லிக்கொடுத்த நிறங்களின் பெயரை வேறு அவள் கடகடவென்று ஒப்பித்துவிட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. 25 சதவீதம் என்று எழுதினார்கள். குறைவாகத்தானே இருக்கிறது, நல்லதுதானே என்று சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன். அப்புறம் அந்தத் தாளோடு உதவித்தொகைக்குப் போய் நின்றபோது, "இதுக்கு ஒண்ணும் வராதும்மா" என்றார்கள்.

பொய் சொல்லக் கற்றுக்கொடுக்கிறாள் என்று யாராவது கிளம்பி வருவீர்கள். நான் பொய் சொன்னது அந்த முதல் தடவைதான். மாதம் 2000 ரூபாய்க்கா இவ்வளவு பாடு என்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன்: 2023 ஜனவரிக்கு முன்னால் அது 1500தான். எங்களுக்கு அது ஸ்பீச் தெரபிக்குப் போய்வரும் ஆட்டோ காசு.

அந்த 25 சதவீதம் வாங்கிய வருடம்தான் என் நாத்தனார் வீட்டுக் காதுகுத்து. பத்திரிகையைக் கையில் கொடுத்துவிட்டு, "கூட்டமா இருக்கும் அண்ணி, பாப்பாவை உங்க அம்மா வீட்ல விட்டுட்டு வாங்களேன்" என்றாள். நாங்கள் போகவில்லை. அதற்கு இன்றுவரை என் மாமியார் என்னைத்தான் குறை சொல்கிறார். நீங்கள் கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, தெரியும்.

சரி. மறுமதிப்பீடு கேட்டு எழுதிக்கொடுத்து, அடுத்த வருடம் மறுபடி போனோம். வீட்டில் போடும் சட்டை, பூ கிடையாது. உள்ளதை உள்ளபடி சொன்னேன். பட்டனை மேலும் கீழும் மாற்றிப் போடுவாள், ரோட்டில் கையை விட்டால் ஓடிவிடுவாள், ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொள்வாள். அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே இதையெல்லாம் சொல்ல வேண்டியிருந்தது. அவள் மேஜையில் இருந்த பேனாவைக் காட்டி "நீலம்" என்றாள். 50 சதவீதம் போட்டார்கள். வெளியே வந்து வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். "எத்தனை?" என்றார். "அம்பது." "நல்லவேளை" என்றார். அப்புறம் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

சான்றிதழில் கடைசித் தேதி ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள், சின்ன வயதில் பெரும்பாலும் தற்காலிகமாகத்தான் தருவார்கள். அது கைக்கு வந்ததும் நிராமயா என்ற மத்திய அரசின் மருத்துவக் காப்பீட்டிலும் பிள்ளையைச் சேர்த்துவிடுங்கள். வருடத்துக்கு 1 லட்சம் வரை, தெரபிச் செலவும் அதில் வரும். போகிற அன்று மாற்றுத் துணியும் தண்ணீரும் பிஸ்கட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் போன இடத்தில் கழிப்பறை பூட்டியிருந்தது, சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லை.