குளோபல் என்ட்ரி விண்ணப்பம் நகரவே இல்லையா?

கேள்வி: கிரீன் கார்டு வைத்திருக்கிறேன். அமெரிக்கா திரும்பும்போது இமிக்ரேஷன் சோதனையை வேகமாகத் தாண்ட உதவும் குளோபல் என்ட்ரி திட்டத்துக்கு 120 டாலர் கட்டி விண்ணப்பித்து எட்டு மாதம் ஆகிறது. இன்னமும் ‘பெண்டிங் ரிவ்யூ’ (பரிசீலனையில் உள்ளது) என்றே காட்டுகிறது. எனக்குப் பிறகு விண்ணப்பித்த நண்பருக்கு இரண்டே வாரத்தில் வந்துவிட்டது. ரத்து செய்துவிட்டு மறுபடி போடலாமா?
— வாசகர், எடிசன், நியூ ஜெர்சி

பதில்: தயவுசெய்து ரத்து செய்யாதீர்கள். கட்டிய பணம் திரும்பாது. வரிசையில் இத்தனை மாதம் நின்ற இடமும் போய்விடும். புது விண்ணப்பமும் இதே சோதனையில்தான் போய் நிற்கும்.

நண்பருக்குச் சீக்கிரம் வந்ததற்கும் உங்களுக்குத் தாமதமாவதற்கும் காரணம் பெரும்பாலும் சாதாரணமானது. விரல் ரேகை எடுப்பது நேர்காணலின்போதுதான். அதுவரை பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், பயண விவரம் இவற்றை வைத்தே குற்றம், கஸ்டம்ஸ், குடியேற்றம் தொடர்பான பதிவுகளில் தேடுகிறார்கள். எதுவும் தட்டுப்படாவிட்டால் விண்ணப்பம் சட்டென்று தாண்டிவிடும். ஏதாவது ஒன்று ஒத்துப்போவதுபோல் தெரிந்தால் ஓர் அதிகாரி கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். தேங்குவது அங்கேதான்.

நம்மவர்களுக்கு இங்கே கூடுதல் சிக்கல் உண்டு. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருந்திருக்கும். அதனால் விசாவில் சொந்தப் பெயர் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய், முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்என்யூ’ (முதல் பெயர் தெரியவில்லை) என்று விழுந்திருக்கும். பிறகு கிரீன் கார்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராகியிருக்கும். ஒரே ஆள், மூன்று விதமான பெயர். படிவத்தில் ‘வேறு பெயர்கள்’ என்று கேட்கும் இடத்தில் இவை எல்லாவற்றையும் எழுத வேண்டும். பலர் அதைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். ஐந்து வருட முகவரி, ஐந்து வருட வேலை, போய்வந்த நாடுகள் ஆகியவற்றில் மாதங்கள் விட்டுப்போனாலும் இதே கதைதான். அனுப்பிய படிவத்தைத் திருத்த முடியாது. ஆகவே விட்டுப்போனதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு நேர்காணலில் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். அதிகாரி கண்டுபிடித்துக் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.

மின்னஞ்சலை மட்டும் நம்பியிருக்கவும் வேண்டாம். ‘நிலை மாறியுள்ளது, உள்ளே போய்ப் பாருங்கள்’ என்று மட்டும் வரும் அந்தக் கடிதம் ஸ்பாமில் கிடக்கலாம். மாதம் இரண்டு முறையாவது நேராகக் கணக்கைத் திறந்து பாருங்கள். உள்ளே நுழையப் பயன்படுத்தும் லாகின்.கவ் (login.gov) கணக்கில் பழைய போன் எண் இருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள். எண் போன பிறகு உள்ளே நுழைவதே பெரும்பாடு.

ஒரு வருடம் தாண்டினால் உங்கள் தொகுதியின் அமெரிக்க நாடாளுமன்ற (காங்கிரஸ்) உறுப்பினரின் அலுவலகத்தை அணுகலாம். குடியுரிமை இல்லாவிட்டாலும் அங்கே வசிப்பவர் என்ற முறையில் கேட்கலாம். உங்கள் விவரங்களை அவர்கள் கேட்டறிய அனுமதி தரும் ‘பிரைவசி ரிலீஸ்’ படிவத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்தால் அவர்கள் விசாரிப்பார்கள். முடிவை மாற்ற முடியாது; கோப்பை எடுத்துப் பார்க்க வைக்க முடியும். பணம் வாங்கிக்கொண்டு ‘சீக்கிரம் முடித்துத் தருகிறோம்’ என்கிற ஏஜென்ட்டுகளிடம் போகாதீர்கள். அவர்களுக்கு அப்படி எந்த வழியும் கிடையாது.

அதுவரை, இமிக்ரேஷன் விவரங்களைப் போனிலேயே முன்கூட்டி அனுப்ப உதவும் ‘மொபைல் பாஸ்போர்ட் கன்ட்ரோல்’ செயலியைப் பயன்படுத்துங்கள். அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் அது இலவசம். தனி வரிசை இருக்கும் விமான நிலையங்களில் காத்திருப்பு நன்றாகவே குறையும்.

கேள்வி: நான், கணவர், பத்து வயது மகள் மூவருக்கும் குளோபல் என்ட்ரிக்கு ‘கண்டிஷனல் அப்ரூவல்’ (நேர்காணல் மட்டும் பாக்கியுள்ள ஒப்புதல்) வந்துவிட்டது. நேர்காணலுக்குத்தான் பக்கத்தில் எங்குமே நேரம் இல்லை. பொங்கலுக்குச் சென்னை போய் வருகிறோம்.
— வாசகி, டாலஸ்

பதில்: அந்தப் பயணத்திலேயே முடித்துவிடலாம். ‘என்ரோல்மென்ட் ஆன் அரைவல்’ என்ற ஏற்பாட்டில், வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கும்போது இமிக்ரேஷன் அதிகாரியே நேர்காணலையும் முடிப்பார். முன்பதிவு தேவையில்லை. எல்லா விமான நிலையத்திலும் இல்லை என்பதால், டிக்கெட் போடும் முன் அதிகாரபூர்வத் தளத்தில் பட்டியலைப் பாருங்கள்.

இது நடப்பது அமெரிக்காவில் நீங்கள் முதலில் இறங்கும் இடத்தில். சிகாகோவில் இறங்கி டாலஸ் விமானம் பிடிப்பதானால் சிகாகோவில்தான் கேட்க வேண்டும். இணைப்பு விமானத்துக்கு மூன்று மணி நேரமாவது விட்டு டிக்கெட் போடுங்கள். அபுதாபி வழியாக வருகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே அமெரிக்க இமிக்ரேஷன் விமானம் ஏறும் முன்பே முடிந்துவிடுகிறது. அமெரிக்காவில் உள்நாட்டுப் பயணியைப் போல நேரே வெளியே வந்துவிடுவீர்கள். கேட்க அதிகாரியே இருக்க மாட்டார். கேட்பதானால் அபுதாபியிலேயே கேட்டாக வேண்டும்.

மூவரின் பாஸ்போர்ட், கிரீன் கார்டு, வீட்டு முகவரி காட்டும் ஓட்டுநர் உரிமமோ மின் கட்டண ரசீதோ, ஒப்புதல் கடிதத்தின் அச்சுப் பிரதி எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். மகளுக்கும் தனி நேர்காணல் உண்டு. பெற்றோர் உடன் இருக்க வேண்டும். ஒப்புதல் வந்த நாளிலிருந்து 730 நாள் அவகாசம் இருப்பதால் பதற்றம் வேண்டாம்.

கேள்வி: என் உறுப்பினர் காலம் அடுத்த மாதம் முடிகிறது. புதுப்பிக்கும் விண்ணப்பமும் தாமதமானால்?
— வாசகர், அட்லாண்டா

பதில்: முடியும் தேதிக்கு முன்னால் விண்ணப்பித்துப் பணம் கட்டிவிட்டால், முடிவு வரும்வரை அதிகபட்சம் 24 மாதம் பழைய சலுகை தொடரும். ஒரு நாள் பிந்தினாலும் இது கிடையாது. அடுத்த முறை ஒரு வருடம் முன்பே போடுங்கள், அப்போதிருந்தே அனுமதிக்கிறார்கள்.

கேள்வி: எச்-1பி வேலை விசாவில் இருக்கிறேன், இந்திய பாஸ்போர்ட். எனக்கும் இதே நடைமுறையா?
— வாசகர், சியாட்டில்

பதில்: உங்களுக்கு ஒரு படி கூடுதல். இந்தியக் குடிமக்களுக்கு 2017 முதல் குளோபல் என்ட்ரி உண்டு; ஆனால் இந்திய அரசின் பின்னணிச் சரிபார்ப்பும் முடிய வேண்டும். அதற்குத் தனி விண்ணப்பம் போட வேண்டும். இந்தியாவில் இருப்பவர்கள் பாஸ்போர்ட் சேவா தளத்திலும், அமெரிக்காவில் இருப்பவர்கள் இந்தியத் தூதரகச் சேவை வழியாகவும் செய்யலாம். அமெரிக்கத் தளத்தில் பணம் கட்டியதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறவர்களின் விண்ணப்பம்தான் அசையாமல் கிடக்கிறது. இரண்டு விண்ணப்பத்திலும் பாஸ்போர்ட் எண் ஒன்றாக இருக்க வேண்டும். பாஸ்போர்ட் காலாவதியாகப் போகிறது என்றால் முதலில் அதைப் புதுப்பித்துவிட்டு இதைத் தொடங்குங்கள்.

கேள்வி: ஆறு மாதம் காத்திருந்த பிறகு நிராகரித்துவிட்டார்கள். முன்பு ஒருமுறை பெட்டியில் கறிவேப்பிலை இருந்ததற்கு அபராதம் கட்டியிருக்கிறேன். அதுதான் காரணமா?
— வாசகி, ஹூஸ்டன்

பதில்: இருக்கலாம். கஸ்டம்ஸ், வேளாண் விதிமீறல் பதிவு இருந்தாலே தகுதி இழக்க நேரலாம். கறிவேப்பிலையில் வரும் பூச்சி எலுமிச்சை வகை மரங்களுக்கு நோய் பரப்புவதால் அதில் மிகக் கண்டிப்பாக இருக்கிறார்கள். நிராகரிப்புக் கடிதத்தில் எழுதியுள்ள காரணத்தைப் படியுங்கள். கணக்கிலேயே மறுபரிசீலனை கேட்கும் வசதி உண்டு. என்ன நடந்தது, எந்தத் தேதி, அபராதம் கட்டிய ரசீது என்று அரைப் பக்கத்துக்குள் எழுதுங்கள். மறைக்கவோ மழுப்பவோ வேண்டாம்; பதிவு அவர்களிடம் இருக்கிறது. பதிவே தவறு என்றாலோ, வழக்கு தள்ளுபடியாகியிருந்தாலோ வாய்ப்பு நன்றாக இருக்கும். நீதிமன்றத்தின் இறுதி ஆணை நகலை இணைக்க வேண்டும். இந்த வழி நிராகரிப்புக்கு மட்டும்தான், தாமதத்துக்கு அல்ல.

கேள்வி: சென்னையில் இருக்கும் என் பெற்றோர் வருடம் இருமுறை வெளிநாடு போகிறார்கள். இந்தியாவில் இப்படி ஏதும் உண்டா?
— வாசகர், சிங்கப்பூர்

பதில்: உண்டு. ‘எஃப்டிஐ–டிடிபி’ (விரைவு இமிக்ரேஷன், நம்பகமான பயணிகள் திட்டம்) என்று பெயர். 2024 ஜூனில் டெல்லியில் தொடங்கி, 2025 ஜனவரியில் சென்னைக்கும் அந்த ஆண்டு செப்டம்பரில் திருச்சிக்கும் வந்தது. இந்தியக் குடிமக்களும் ஓசிஐ (வெளிநாட்டு இந்தியர்) அட்டை உள்ளவர்களும் ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். ஒப்புதலுக்குப் பிறகு விமான நிலையத்திலோ வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்திலோ கைரேகையும் முகப்படமும் கொடுத்தால்தான் செயல்படும். ஐந்து வருடம் அல்லது பாஸ்போர்ட் காலம், எது முன்னதோ அதுவரை செல்லும். பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதம் பாக்கி இருக்க வேண்டும். பெற்றோருக்காக நீங்கள் விண்ணப்பம் நிரப்பினால், போன் எண்ணும் மின்னஞ்சலும் அவர்கள் பார்க்கக்கூடியதாகக் கொடுங்கள். கைரேகைக்கு அழைக்கும் செய்தி அங்கேதான் வரும்.