திருநெல்வேலிப் பக்கம் உள்ள இலங்கைத் தமிழர் முகாம்களில் படிப்புக்கும் மருத்துவத்துக்கும் தனி ஆளாக என்ன உதவி செய்யலாம்?

நோட்டும் பிஸ்கட்டும் வேண்டாம். கங்கைகொண்டான், கோபாலசமுத்திரம் முகாம் பிள்ளைகள் அரசுப் பள்ளியில் படிக்கிறார்கள். புத்தகம், சீருடை, மதியச் சாப்பாடு எல்லாம் நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்குக் கிடைப்பது போலவே கிடைக்கிறது. (பிறந்தநாள் கேக்கோடு போய் அவர்களை வரிசையில் நிறுத்தி போட்டோ எடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும், அதை விடுங்கள்.)

பாடு தொடங்குவது பிளஸ் டூவுக்கு அப்புறம். 2021-இல் அரசு அறிவித்தபடி, பொறியியலுக்குத் தேர்வாகும் முகாம் மாணவர்களில் மதிப்பெண்படி முதல் 50 பேருக்குக் கல்விச் செலவையும் விடுதிச் செலவையும் அரசே ஏற்கும். மற்றவர்களுக்கும் உதவித்தொகை உண்டு, ஆனால் அது கைக்கு வரும்வரை கல்லூரி காத்திருக்காது, சேரும் அன்றே பணம் கேட்கும். முகாமில் இருப்பவர்களுக்கு அரசு தரும் மாதப் பணக்கொடையைக் குடும்பத் தலைவருக்கு 1,500, மற்ற பெரியவர்களுக்கு ஆளுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500 ரூபாய் என்று உயர்த்தினார்கள். அதற்கு மேல் வேண்டியதெல்லாம் அப்பா பெயிண்ட் அடித்துக் கொண்டுவரும் கூலியில்தான். அதனால் பத்துப் பேருக்குக் கொஞ்சம் கொஞ்சம் கொடுப்பதைவிட ஒரே ஒரு பிள்ளையை எடுத்து, முதல் தவணை, பஸ் செலவு, பரீட்சைக் கட்டணம், ஒரு பழைய லேப்டாப் என்று படிப்பு முடியும்வரை பார்த்துக்கொள்ளுங்கள். படித்து முடித்த பையன்களும் பாஸ்போர்ட் இல்லை என்று கம்பெனிகள் தயங்குவதால் கடைசியில் அப்பாவோடு பெயிண்ட் வாளியைத் தூக்குகிறார்கள், நெல்லையில் உங்களுக்குத் தெரிந்த ஆபீஸ் இருந்தால் அவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லுங்கள், அது பணத்தைவிடப் பெரிய உதவி.

சரி, மருத்துவம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் முகாமில் இருப்பவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது, ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் (நெல்லை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை) சிகிச்சைக்கும் காசு இல்லை. ஆனால் டயாலிசிஸ் மாதிரி வாராவாரம் போகவேண்டிய நோய் என்றால் கூடப் போகிறவருக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி போச்சு, ஆட்டோவுக்கும் வெளிச் சாப்பாட்டுக்கும் தனியாகப் பணம் வேண்டும். நீங்களே கூடப் போய், சீட்டு போட்டு, எந்த வார்டு என்று விசாரித்துச் சொன்னால்கூட அந்த வீட்டில் ஒருவர் வேலைக்குப் போய்விடலாம்.

வெளியாட்கள் முகாமுக்குள் இஷ்டத்துக்குப் போக முடியாது, முகாமைப் பார்த்துக்கொள்ளும் வருவாய் ஆய்வாளரிடம் முதலில் பேசுங்கள். 1984-இல் சந்திரகாசன் என்ற ஈழத் தமிழர் இலங்கை அகதிகளுக்காகத் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தைக் கேட்டாலும் வழி சொல்வார்கள், முகாம் மக்களே அதில் வேலை பார்ப்பதால் எந்த வீட்டில் என்ன தேவை என்று அவர்களுக்குத் தெரியும். போவதென்றால் ஞாயிற்றுக்கிழமை போங்கள், மற்ற நாளில் பெரியவர்கள் விடியக்காலையிலேயே வேலைக்குக் கிளம்பியிருப்பார்கள்.