எதிர்க்காற்றில் பாய்ப்படகு

அன்புள்ள ஐயா,

என் மகள் பினாங்கில் ஆப்டிமிஸ்ட் என்னும் சிறுவர் பாய்ப்படகை ஓட்டப் பழகுகிறாள். பின்காற்றில் நன்றாகப் போகிறாள். காற்றை நோக்கித் திரும்பினால் பாய் படபடவென்று அடித்துக்கொள்கிறது, படகு நின்றுவிடுகிறது. கயிற்றை எவ்வளவு இறுக்கினாலும் பலனில்லை. காற்று தள்ளித்தானே படகு போகிறது? எதிர்க்காற்றில் எப்படிப் போவது?

வாசகர், பட்டர்வொர்த்

அன்புள்ள வாசகருக்கு,

கோளாறு கயிற்றில் இல்லை, சுக்கானில். எந்தப் பாய்ப்படகும் நேர் எதிர்க்காற்றில் ஓடாது. காற்று வரும் திசைக்கு இருபுறமும் ஏறக்குறைய 45 பாகைக்குள் பாய் காற்றைப் பிடிக்காது. அந்த எல்லைக்கு வெளியே இடமும் வலமுமாக மாறி மாறித்தான் காற்றை நோக்கி ஏற வேண்டும். 1 கிலோமீட்டர் ஏற ஏறத்தாழ 1.4 கிலோமீட்டர் ஓட வேண்டியிருக்கும்.

பின்காற்றில்தான் காற்று பாயைத் தள்ளுகிறது. சாய்ந்து வரும் காற்று பாயின் இரு பக்கமும் வழிந்தோடும்போது பிறக்கும் விசையில் பக்கவாட்டு இழுப்பே அதிகம். முன்னோக்கிய பங்கு கொஞ்சம்தான். பக்கவாட்டு இழுப்பைத் தாங்குவது நடுவில் நீருக்குள் செருகும் டேகர்போர்ட் பலகை. பின்காற்றுக்காக அதை உயர்த்திவிட்டுப் பிள்ளைகள் மறந்துவிடுவார்கள். அப்புறம் படகு நண்டு மாதிரி பக்கவாட்டில் நகரும்.

ஆகவே பலகையை முழுக்க இறக்கட்டும். பாயின் அடிப்பக்கம் நீளும் பூம் கட்டையின் நுனி படகின் பின்மூலைக்கு மேல் வரும்வரை கயிற்றை இழுத்து, கயிற்றை அதே அளவில் பிடித்துக்கொண்டு சுக்கானை மட்டும் கவனிக்கட்டும். மெல்லக் காற்றை நோக்கித் திருப்பினால், பாய்மரத்தை ஒட்டிய பாயின் விளிம்புதான் முதலில் நடுங்கும். நடுக்கம் நிற்கும் அளவுக்கு மட்டும் விலக்கிப் பிடித்தால் அதுதான் சரியான கோணம். காற்று நிமிடத்துக்கு நிமிடம் மாறும், அதனால் இந்த விளிம்பிலிருந்து கண்ணை எடுக்கக்கூடாது. படகு சாயாமல் காற்று வரும் பக்கம் உட்காருவதும் முக்கியம். சாய்ந்தால் படகு தானாகவே காற்றை நோக்கித் திரும்பும், பலகையின் பிடியும் தளரும்.

திசை மாற்றும்போது வேகம் வேண்டும். வேகமில்லாமல் திருப்பினால் படகு நடுவிலேயே நின்று பின்னோக்கி நகரும். அப்போது பூமையும் சுக்கான் கைப்பிடியையும் ஒரே பக்கமாகத் தள்ளிப் பிடிக்க வேண்டும். படகின் முகம் காற்றிலிருந்து விலகியதும் இரண்டையும் உள்ளே இழுத்தால் ஓடத் தொடங்கும்.

பினாங்கு ஜலசந்தியில் இன்னொன்றும் உண்டு. காற்று குறைந்த நேரத்தில் பாய் நிறைந்திருந்தும் எதிர் நீரோட்டம் படகைப் பின்னுக்கு இழுக்கும். பக்கவாட்டில் கரையில் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும் இரண்டு கட்டடங்களைக் குறித்துக்கொண்டு, அவை எப்படி விலகுகின்றன என்று பார்க்க வேண்டும்; அருகிலுள்ளது தொலைவிலுள்ளதைவிடப் பின்னுக்குப் போனால்தான் உண்மையில் முன்னேறுகிறோம். முன்னேறவில்லை என்றால் பயிற்றுநரைக் கேட்டுக் கரையோரமாக ஏறச் சொல்லுங்கள். ஆழம் குறைந்த இடத்தில் பெரும்பாலும் நீரோட்டமும் மெலிந்திருக்கும்.