மொரீஷியஸ் வீட்டு உள்சுவருக்கு வால்பேப்பரா, பெயிண்டா? ஆள் வைக்காமல் நாமே செய்ய முடியுமா?

வாக்வாவில் பழைய கான்கிரீட் வீடு வாங்கியிருக்கிறீர்கள், ஹாலுக்கு வால்பேப்பரும் மற்ற அறைகளுக்கு பெயிண்டும் என்று முடிவு செய்திருக்கிறீர்கள், நீங்களே செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். ஆனால் ஊர் மழை அதிகமான வாக்வா என்பதால் ஹாலில் எந்தச் சுவர் என்பதுதான் முதல் கேள்வி. வெளிப்பக்கம் மழை வாங்குகிற சுவர் என்றால் வால்பேப்பரை மறந்துவிடுங்கள். இரண்டு அறைகளுக்கு நடுவில் நிற்கிற சுவர் என்றால் தாராளமாக ஒட்டலாம்.

மொரீஷியஸ் சின்னத் தீவுதான், ஆனால் மழை ஊருக்கு ஊர் மாறும். மேற்குக் கரையில் வருஷத்துக்கு 900 மில்லிமீட்டர் அளவில்தான் பெய்கிறது, நடு மேட்டுப் பகுதியில் 4000 வரை போகிறது. மேற்குக் கரையிலுள்ள ஃப்ளிக் ஆன் ஃப்ளாக்கில் சொந்தக்காரர் வீட்டு வால்பேப்பர் ஜோராக நிற்கிறதே என்று பார்த்துவிட்டு அதையே நடு மேட்டிலுள்ள கியூர்பிப்பிலோ வாக்வாவிலோ ஒட்டினால் அந்தப் பலன் கிடைக்காது. இன்னொன்று, 1960-இல் அலிக்ஸ், கரோல் என்று அடுத்தடுத்து வந்த புயல்கள் மர வீடுகளையும் தகர வீடுகளையும் வாரிக்கொண்டு போன பிறகு இங்கே கான்கிரீட் வீடுகள் பெருகின. புயலுக்கு அது நல்லதுதான், ஆனால் தட்டையான மொட்டை மாடியில் தண்ணீர் தேங்கினால் அது சுவரும் கூரையும் சேருகிற மூலை வழியாகத்தான் மெதுவாக உள்ளே இறங்கும். அந்தச் சுவரில் வினைல் பேப்பர், அதாவது மேலே பிளாஸ்டிக் பூச்சு உள்ள வால்பேப்பர், ஒட்டினால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் பின்னாலேயே தங்கி, ஒட்டுப் பசையைத் தின்று பூஞ்சை வளரும். கண்ணுக்குத் தெரியும் முன்னால் மூக்குக்குத் தெரிந்துவிடும்.

ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பது சுலபம். முக்கால் முழம், ஒரு முழம் சதுரத்தில் கெட்டி பிளாஸ்டிக் ஷீட் ஒன்றை வெட்டி, நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள். பிரித்துப் பார்க்கும்போது சுவரைத் தொட்டுக்கொண்டிருந்த பக்கத்தில் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றால் சுவரே ஈரம். நம்மைப் பார்த்த பக்கத்தில் நின்றால் அறைக் காற்றில் ஈரம், ஜன்னலைத் திறந்து வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். சுவரே ஈரம் என்றால் மொட்டை மாடி, மழைத்தண்ணீர்க் குழாய், ஜன்னல் ஓரம், அந்தப் பக்கம் பாத்ரூம் இருக்கிறதா என்பதையெல்லாம் பார்த்துச் சரி செய்துவிட்டுத்தான் பெயிண்ட் டப்பாவைத் திறக்க வேண்டும். உள்பக்கம் வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடித்தால் போதும் என்று கடையில் சொல்வார்கள், நான் நம்புவதில்லை. வெளியிலிருந்து வருகிற தண்ணீரை உள்ளே நின்று தடுத்தால் அது வேறொரு பக்கம் பொரிந்துகொண்டு கிளம்பும்.

வெள்ளையாக மாவு மாதிரி உப்புப் பூத்திருந்தால் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள், உப்பு கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போய்விடும். உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்துத் தட்டி எடுங்கள். பூஞ்சைக்கு இதற்கு நேர் எதிர். உலர்வாகச் சுரண்டினால் வீடு முழுக்கப் பரவும். ஒரு பங்கு பிளீச்சுக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்து தடவி, கால் மணி நேரம் விட்டு, ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், ஜன்னல் திறந்திருக்கட்டும். பிளீச்சோடு டாய்லெட் ஆசிட், அம்மோனியா எதையும் சேர்க்கவே கூடாது, விஷவாயு வரும்.

பழைய வீடு என்பதால் சுவரில் எனாமல் (எண்ணெய் பெயிண்ட்) அடித்திருக்கலாம். பஞ்சில் மெத்திலேட்டட் ஸ்பிரிட் நனைத்துத் தேய்த்துப் பாருங்கள், கலர் பஞ்சில் ஏறினால் எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கிற பெயிண்ட்), ஏறாவிட்டால் எனாமலாக இருக்கும். எனாமல் மேல் நேராக எமல்ஷன் அடித்தால் கொஞ்ச நாளில் தோல் உரிகிற மாதிரி உரியும், அதனால் உப்புத்தாள் போட்டு மினுமினுப்பை எடுத்து, ஒட்டும் ப்ரைமர் (பெயிண்ட் பிடிக்க முதலில் அடிக்கிற பூச்சு) ஒரு கோட் கொடுக்க வேண்டும். உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்தே தேயுங்கள், மாஸ்க் போடுங்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள், ஏனென்றால் அந்தக் காலத்து எனாமலில் ஈயம் இருக்கலாம்.

பெயிண்ட் அடிப்பது பெரிய வித்தை இல்லை. முதலில் சீலிங், பிறகு சுவர், கடைசியில் கதவு ஜன்னல். ஒரு லிட்டர் ஒரு கோட்டுக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் வரும், ஆக 4-க்கு 3 மீட்டர் அறையின் சுவர்களுக்கு இரண்டு கோட் சேர்த்து ஆறேழு லிட்டர் வாங்குங்கள். கலர் கலக்கி வாங்கினால் எல்லா டப்பாவையும் ஒரே பக்கெட்டில் ஊற்றிக் கலந்துகொள்ளுங்கள், டப்பாவுக்கு டப்பா லேசாக மாறும். சுவர் மேடு பள்ளமாக இருந்தால் மேட் ஃபினிஷ்தான் மறைக்கும், பளபளப்பு எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடும்.

வால்பேப்பருக்கு நான்-வோவன் வகை (நெய்யாத நார்த்துணி மாதிரி அடிப்பாகம் உள்ளது) வாங்குங்கள். பசையைப் பேப்பரில் தடவி மடித்து ஊறவைக்கிற வேலை இல்லை, சுவரிலேயே தடவி நேராக ஒட்டலாம். வழக்கமான ரோல் 53 செ.மீ. அகலம், 10.05 மீட்டர் நீளம். 2.7 மீட்டர் உயரச் சுவருக்கு ஒரு ரோலில் மூன்று பட்டை வரும், 4 மீட்டர் அகலத்துக்கு எட்டுப் பட்டை வேண்டும், ஆக மூன்று ரோல். பெரிய டிசைன் என்றால் பொருத்துவதில் வீணாகும், ஒன்று கூடுதலாக வாங்குங்கள், எல்லாவற்றிலும் பேட்ச் நம்பர் ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

முதல் பட்டையை மூலையை நம்பி ஒட்டாதீர்கள். இங்கே எந்த வீட்டு மூலை நேராக இருக்கிறது? தூக்குக்குண்டு தொங்கவிட்டு பென்சில் கோடு போட்டு அதை ஒட்டியே ஆரம்பியுங்கள். முதல் பட்டை அரை சென்டிமீட்டர் சாய்ந்தால்கூடக் கடைசியில் டிசைன் மாடிப்படி ஏறும். பட்டைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் விளிம்போடு விளிம்பு முட்ட வேண்டும், நடுவிலிருந்து வெளியே தள்ளிக் காற்றை எடுங்கள். சுவிட்ச் போர்டைச் சுற்றி வெட்டுவதற்கு முன்பே மெயினை அணைத்துவிடுங்கள். பிளேடை அடிக்கடி மாற்றுங்கள், மழுங்கிய பிளேடு ஈரப் பேப்பரை வெட்டாது, பிய்க்கும். ஒட்டி முடித்ததும் சீக்கிரம் காயட்டும் என்று ஃபேனைத் திருப்பி வைக்காதீர்கள், இணைப்பு வாய் பிளக்கும்.

எப்போது செய்யலாம் என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பலரும் வருஷக் கடைசி லீவில்தான் ரோலரைக் கையில் எடுக்கிறார்கள், அது புழுக்கமும் மழையும் ஆரம்பிக்கிற நேரம், ஒரு கோட் காயவே பாடு. அக்டோபர்தான் இங்கே மழை குறைவான மாதம். மொட்டை மாடி வேலை இருந்தால் அதைச் செப்டம்பரிலேயே ஒரு நல்ல மேஸ்திரியிடம் கொடுத்துவிடுங்கள், அதை மட்டும் நீங்களே செய்ய வேண்டாம்.